தன்வரலாறும் தற்பெருமையும்

இயற்கையின் முன் தன்னைச் சிறியவனாகக் கருதும் எழுத்தாளன் தன்வரலாறு எழுதுதல் தகுமா? அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் முன் எழுந்த வினா இது. பதிப்பாளரும் நண்பரும் தூண்டியும் அவர் நெடுநாள் தயங்கினார். 1908இல் நண்பர் ஹாரிமன், மியூர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளத் தம் செயலாளரையே அமர்த்தினார். 1913இல் பாஸ்டன் நகரத்து ஹூட்டன் மிஃப்ளின் பதிப்பகம் அவருடைய இளமை வரலாற்றை வெளியிட்டது; மறு ஆண்டே அவர் மறைந்தார்.

விஸ்கான்சின் பண்ணையில் தந்தையின் ஆணைப்படி கிணறு தோண்டி, நச்சுக்காற்றில் மயங்கி உயிர்பிழைத்ததை அதில் எழுதினார். பறவைகளைக் கண்டு வியந்ததையும் எழுதினார். தந்தையின் கடுமையை அவர் மறைக்கவில்லை. அதனை மறைத்திருப்பின், காடு அச்சிறுவனுக்கு ஏன் புகலிடமாயிற்று என்பது விளங்காது. காட்டை நேசிக்கக் கற்பித்தவர், அந்நேசம் தமக்கு வாய்த்த விதத்தை உரைப்பது தற்பெருமையாகாது. பின்வருவோர்க்கு அவர் ஆற்றும் கடனாகும்.