கொலை செய்யாதே என்ற கட்டளையும் ‘மக்கு’ என்ற வசையும்



பொதுக்காலத்தின் ஆறாம் ஞாயிறான இன்று, மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் பழைய கட்டளை ஒன்றை எடுத்துப் பேசுகிறார். கொலை செய்யாதே. இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு மனம் உறுத்துவதில்லை. நாம் யாரையும் கொன்றதில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். அந்த நிம்மதி கலையும்படி அவர் மேலே சொல்கிறார்: உடன்பிறந்தவரை முட்டாள் என்றும் அறிவு கெட்டவர் என்றும் ஏசுகிறவருக்கும் தீர்ப்பு உண்டு, அது எரிநரகம் வரை போகும். திருடன், பொய்யன் என்று திட்டுவதை அவர் இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருடைய அறிவை இழித்துப் பேசும் வசையைத்தான் கொலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நம் வீடுகளில் இந்த வசை எவ்வளவு சாதாரணமாகிவிட்டது! மக்கு, மண்டு, தத்தி, மரமண்டை. ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, உன் மண்டைக்குள்ள என்ன களிமண்ணா இருக்கு?’ அடுத்த மாதம் பொதுத்தேர்வு. கண்டனூரிலும் புதுவயலிலும் காரைக்குடியிலும் இரவு பத்து மணிக்குக்கூட இந்தச் சொற்கள் காதில் விழும் காலம் இது. அக்கறையினால்தானே சொல்கிறோம் என்பீர்கள். அக்கறை உண்மைதான். ஆனால் பிள்ளையின் காதில் அது அக்கறையாக விழுவதில்லை, தன்னைப் பற்றி வீடு எழுதிவிட்ட தீர்ப்பாக விழுகிறது. தேர்வு முடிவு வந்த நாளில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆண்டவர் ஏன் அந்த வசையைக் கொலையோடு சேர்த்துச் சொன்னார் என்று அந்த வீடுகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

படிப்பைப் பழிக்க நான் இங்கே நிற்கவில்லை. படிப்புக்காக அள்ளிக் கொடுத்த மண் இது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்பதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். அதற்கும் முன்னே, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடையில் கணக்குப் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய செட்டிநாட்டுச் சிறுவன் வாய்க்கணக்கை நம்பித்தான் போனான். அறிவு கடவுள் தந்த கொடை. ஐயமில்லை. நான் கேட்பது வேறு: அந்தக் கொடை யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று அளந்து பார்த்து, அதை வைத்தே ஆளுக்கு மதிப்புப் போடும் உரிமையை நமக்கு யார் தந்தது?

2017 மே மாதம் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. முதல் மாணவியின் வாயில் லட்டு ஊட்டும் படம் அதுவரை ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வரும். அரசு விட்டுவிட்டது, நாம் விடவில்லை. மதிப்பெண் போட்ட ஃப்ளெக்ஸ் பலகைகள் இன்னும் பள்ளி வாசல்களில் நிற்கின்றன. கிறிஸ்தவப் பள்ளிகளின் வாசல்களிலும் நிற்கின்றன.

இதைவிடப் பழைய பட்டியல் ஒன்று நம்மிடம் உண்டு. ‘அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்கிறார்களே, அதுதான். தலைமுறை தலைமுறையாக ஏட்டைத் தொடவிடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு ஏட்டைக் கையில் கொடுத்து, பார் உனக்கு வரவில்லை என்பது கொடிய தந்திரம். சாதியின் பெயரைச் சொல்லக் கூசுகிறவர்கள் இப்போது தகுதி, திறமை என்ற சொற்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோவிலுக்கு வருகிற நாமும் இந்தப் பாவத்தைச் செய்கிறோம். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அறிவை எண்ணால் அளக்கும் வேலை 1905இல் பாரிஸில் தொடங்கியது. ஆல்ஃபிரெட் பினே என்ற அறிஞர், பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவி செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அந்தத் தேர்வை உருவாக்கினார். அறிவு மாறாத ஒரு அளவு என்று அவர் நினைக்கவில்லை. அந்த அளவுகோல் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனதும் உதவியை மறந்துவிட்டது. அறிவு குறைந்தவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1930இல், திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் தம் சுற்றுமடலில் இத்தகைய சட்டங்களைக் கண்டித்தார்: குற்றம் செய்யாத மனிதர்களின் உடல்மீது அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்.

பிறகு செர்மனி. 1939இல் இட்லர் கையெழுத்திட்ட ஓர் ஆணையின்படி, மனவளர்ச்சி குன்றியவர்களையும் மனநோயாளிகளையும் மருத்துவர்களே தேர்ந்தெடுத்தார்கள். பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோய் நச்சுவாயுவால் கொன்றார்கள். வீட்டாருக்கு, நோய் கண்டு இறந்தார் என்று பொய்க்கடிதம் போயிற்று. 1941 ஆகஸ்டுக்குள் 70,000க்கும் மேற்பட்டோர். பட்டியல் போட்டவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பேராசிரியர்கள், மனநல மருத்துவர்கள். அந்த நாட்டின் நல்ல மூளைகள்.

1941 ஆகஸ்டு 3, ஒரு ஞாயிறு. மியூன்ஸ்டர் நகரின் புனித லாம்பெர்ட் ஆலயத்தில் ஆயர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபொன் காலென் பீடமேறினார். நம்மைப் போலத் திருப்பலிக்கு வந்த மக்கள்தாம் கீழே இருந்தார்கள். நடக்கிற கொலைகளை ஒளிக்காமல் சொன்னார். பயன்படாதவரைக் கொல்லலாம் என்றால், நாளை முதியோரையும் தீரா நோயாளிகளையும் போரில் கை கால் இழந்து திரும்பும் நம் வீரர்களையும் கொல்லலாமே என்று கேட்டார். அந்த மறையுரையை மக்கள் இரகசியமாகப் படியெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். அதைப் பரப்பிய லூபெக் நகரத்து இளம் குருக்கள் மூவரும், அவர்களோடு லூத்தரன் போதகர் ஒருவரும் 1943 நவம்பரில் தலை வெட்டப்பட்டார்கள். இட்லர் அந்த ஆகஸ்டிலேயே திட்டத்தை நிறுத்தச் சொன்னார். கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஒரு மறையுரையால் என்ன ஆகும் என்று எனக்குச் சோர்வு வரும்போதெல்லாம் லூபெக் நகரத்து அந்த நால்வரை நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் கேட்டதும் நம் நெஞ்சில் ஒரு பதில் எழும். கேரி பக் உண்மையில் அறிவு குறைந்தவரே இல்லை, அவருடைய மகள் பள்ளியில் நன்றாகப் படித்தாள் என்று பின்னால் தெரிந்ததாமே! ஆம், தெரிந்தது. கும்பகோணத்துக் கல்லூரித் தேர்வில் தோற்ற இராமானுசன் உலகமே கொண்டாடும் கணித மேதை ஆனாரே! ஆம், ஆனார். ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஏதோ ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்று நாமும் மேடைதோறும் பேசுகிறோம். நல்ல மனதோடுதான் பேசுகிறோம். ஆனால் கவனியுங்கள். கேரி பக் நிஜமாகவே அறிவு குறைந்தவராக இருந்திருந்தால் அவருக்குச் செய்தது சரியாகிவிடுமா? எந்தத் திறமையும் ஒளிந்திராத பிள்ளையை என்ன செய்வது? பாட்டும் வராது, ஓவியமும் வராது, இருபது வயதாகியும் சோறு ஊட்டிவிட வேண்டும் என்ற பிள்ளை நம்மிடையே இல்லையா? ஒளிந்த திறமையைக் காட்டி மதிப்பு வாங்கித் தருகிற பேச்சு, அந்தப் பிள்ளையின் தாயை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறது.

நற்செய்தி அவரை அப்படி அனுப்புவதில்லை. தாலந்து உவமையைத் திறமைக்குச் சான்றாக எடுக்கிறவர்கள் அதைத் திரும்பப் படிக்க வேண்டும். ஐந்து ஈட்டியவனையும் இரண்டு ஈட்டியவனையும் தலைவன் ஒரே சொற்களால்தான் பாராட்டுகிறான், ஒரு சொல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். இவ்வுலகத் தலைவர்களின் ஞானம் மாட்சியின் ஆண்டவரை அடையாளம் காணாமல் அவரைச் சிலுவையில் அறைந்தது என்கிறார். சிலுவைக்கு மேலே மும்மொழியில் எழுதி மாட்டும் அளவுக்குப் படித்த அதிகாரம் அது. அதே திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே உடலுக்கு மிகவும் தேவையானவை என்று எழுதுகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதவில்லை. வலுவற்றவர்கள் இல்லாவிட்டால் உடலே இல்லை என்கிறார்.

நாம் ஒவ்வொருவரும் இந்தச் சபைக்குள் எப்படி வந்தோம்? பெரும்பாலோர் கைக்குழந்தையாக வந்தோம். ஞானஸ்நானத் தொட்டியருகே நம்மை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அழுதிருப்போம். திருவருள் நம் அறிவை எதிர்பார்த்து நிற்கவில்லை.

ஆளின் மதிப்பு அறிவைப் பொறுத்ததல்ல என்பது நம் நாட்டு நீதிமன்றத்துக்கே ஓரளவு தெரிந்திருக்கிறது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண், தன் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, அவருடைய விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தது.

இனி நம் வேலை. கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்காகப் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத இடத்தில் நற்செய்தி கட்டாயப்படுத்தும். மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, இவள் எங்களுக்கு ஒத்துவரமாட்டாள் என்று நம் பள்ளி எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால், அங்கே போய்ப் பேச வேண்டிய பொறுப்பு பங்கு மக்களுக்கும் உண்டு.

புதுநன்மைக்கு, ‘அவனுக்கு எங்கே புரியப்போகுது சாமி’ என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கேட்டது மிகச் சிறிது: இது வீட்டுச் சாப்பாட்டைப் போன்றது இல்லை என்று தன்னால் இயன்ற அளவுக்குப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். ‘புரியாது’ என்று சொல்லி அருளடையாளத்தை மறுப்பதைத் திருத்தந்தை பிரான்சிஸும் வெளிப்படையாகக் கண்டித்தார். மந்திரங்களை ஒப்புவிக்க வேண்டியதில்லை. மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டு ஆனாலும் சரி, பொறுமையாகக் கூட இருங்கள்.

‘நாங்க போனப்புறம் இவனை யார் பார்ப்பாங்க’ என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுச் செய்து, பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். சிவகங்கைக்குப் போய்வர யாருக்குத் துணை வேண்டுமோ, அவரோடு பங்குப் பேரவையிலிருந்து ஒருவர் போவார். பாதுகாவலராக இருக்க மனமுள்ள குடும்பங்களும் முன்வரலாம். அது எளிய வேலை இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

தேர்வுக்கு முந்திய ஞாயிறு நீங்கள் பேனாவும் ஹால் டிக்கெட்டும் கொண்டுவருவீர்கள், மந்திரித்துத் தருவேன். அன்றைக்குத் தேர்வே எழுதாத பிள்ளைகளும் அதே வரிசையில் வந்து நிற்கட்டும், அவர்கள் தலையிலும் கை வைத்துச் செபிப்பேன். வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைகளின் பெயர்களை, மறைக்கல்வி ஆசிரியர்களே, இந்த வாரத்துக்குள் எழுதிக்கொடுங்கள். நான் வீட்டுக்கு வருகிறேன்.