தொழிலிழப்பும் நோய்க்காப்பும்: உதவியின் அறநியாயம்

தொழிலை இழந்தவருக்குச் சமுதாயம் உதவ வேண்டும் என்பதைப் பெரும்பாலானோர் ஏற்பர். யாருக்கு, எந்த அடிப்படையில் உதவுவது என்று வினவும்போதே கருத்து வேற்றுமை தோன்றுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் மருத்துவக் காப்புறுதி முறை ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அங்கு உழைக்கும் வயதினருட் பெரும்பாலானோர் தொழில்தருநர் வாயிலாகவே காப்புறுதி பெறுகின்றனர். ஆதலால் வேலை போகுமிடத்துச் சம்பளத்துடன் நோய்க்காப்பும் போகின்றது.

இப்பிணைப்பு அறச்சிந்தனையின் விளைவன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அந்நாட்டிற் சம்பள உயர்வு சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது. காப்புறுதி போன்ற நலன்கள் அக்கட்டுப்பாட்டினுள் அடங்காமையால், ஊழியரைக் கவர விரும்பிய நிறுவனங்கள் அவற்றை வழங்கலாயின. தொழில்தருநர் செலுத்தும் கட்டுப்பணத்துக்குரிய வரிவிலக்கை 1954ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. போர்க்கால ஏற்பாடொன்று இவ்வாறே நிலைத்த வழக்காயிற்று.

இதன் குறையை உணர்ந்தே 1986 ஏப்பிரலில் ‘கோப்ரா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் இயற்றப்பட்டது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனத்திலிருந்து விலகுபவர், பொதுவாக 18 மாதங்கள் வரை பழைய காப்புறுதியைத் தொடரலாம். ஆனால் நிறுவனம் முன்னர் ஏற்றிருந்த பங்கையும் சேர்த்து, முழுக் கட்டுப்பணத்தில் நூற்றுக்கு 102 வரை அவரே செலுத்த நேரிடும். வருமானம் அற்றுப்போன வேளையிற் செலவு பன்மடங்காகின்றது. பயன்படுத்த இயலாத உரிமை பெயரளவில் மட்டுமே உரிமையாகும்.

இக்குறையை நிரப்ப அரசு இருமுறை முன்வந்தது. பொருளாதார வீழ்ச்சியின்போது, 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பணத்தில் நூற்றுக்கு 65 பங்கை ஏற்றது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஏப்பிரல் முதல் செப்ரெம்பர் வரை, முழுத்தொகையும் ஏற்கப்பட்டது. ஆயின் தாமாக வேலையை விட்டு விலகியோருக்கு இரு சட்டங்களும் இவ்வுதவியை மறுத்தன. நமது வினா இங்குதான் கூர்மை பெறுகின்றது.

இவ்வேறுபாட்டுக்கு நியாயம் இல்லாமலில்லை. பொதுப்பணம் அளவுடையது; தன் விருப்பத்தின்படி நடந்தவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டும்; பிறர் செயலாற் கேடுற்றவருக்கே முதலிடம் உரியது என்பர். சம்பள இழப்பைப் பொறுத்தவரை இவ்வாதம் வலிமையுடையது. நோயைப் பொறுத்தவரை அது தளர்கின்றது. வேலையை விடத் தீர்மானித்தவர் நோயுறத் தீர்மானித்தவரல்லர். காப்பு நீங்குமென அறிந்தே விலகினார் எனின், அத்தெரிவு எத்துணைச் சுதந்திரமானது என்றும் கேட்க வேண்டும். நோயுற்ற தாயைப் பேணுவதற்காக விலகுபவரையும், அவமதிப்பைப் பொறுக்கவியலாது விலகுபவரையும் ‘தாமாக விலகியோர்’ என்னும் ஒரே சொல் உள்ளடக்குகின்றது. மேலும், விலக்கப்பட்டோருக்கு மட்டும் உதவி கிட்டுமாயின், மருந்துக்காகவே பிடிக்காத வேலையில் தங்கியிருப்பவரின் கட்டு மேலும் இறுகும்.

இன்னொரு முரண்பாடும் நோக்கற்பாலது. நிறுவனம் முற்றாக மூடப்பட்டு அதன் காப்புறுதித் திட்டமே முடிவுற்றால், தொடர்வதற்கு எதுவும் இல்லை; ஆகவே உதவியும் இல்லை. தொடக்கத்திலிருந்தே காப்புறுதி பெறாத ஊழியரின் நிலையும் அதுவே. பாதிச் சிகிச்சையில் இருப்பவருக்கு அதே மருத்துவரிடம் அதே காப்பு தொடர்வது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் முன்பு உடையவராயிருந்தவரின் இழப்பை ஈடுசெய்யும் உதவி, ஒருபோதும் உடையவராயிராதவரின் தேவையைக் காணத் தவறுகின்றது.

இதற்கு மாறானதோர் அளவுகோலை 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் காட்டிற்று. 2014 முதல் நடைமுறைக்கு வந்த அதன் காப்புறுதிச் சந்தையில், தொழில்வழிக் காப்பை இழந்தவர் 60 நாட்களுக்குள் புதிய காப்பில் இணையலாம். வேலை ஏன் போயிற்று என்று அங்கு கேட்கப்படுவதில்லை. கட்டுப்பண உதவி வருமானத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. அவ்வேற்பாட்டிலும் குறைகள் உண்டெனினும், குற்றத்தையோ தெரிவையோ அன்றித் தேவையை வினவுவதால் அது நோயின் இயல்புக்கு நெருங்கியது எனலாம்.

ஆகவே 2009இலும் 2021இலும் வழங்கப்பட்ட உதவியைப் பிழையெனக் கூறுவதற்கில்லை. இடர்வேளையிற் பலரைக் காத்த செயல் அது. ஆயினும் அது தான் முழுதும் பின்பற்றாத கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. வேலை இல்லாதபோதும் மனிதருக்கு மருத்துவம் வேண்டும் என்பதே அக்கொள்கை. அதனை ஒருமுறை ஏற்ற சமுதாயம், வேலை போன காரணத்தைக் கொண்டு நோயாளரைத் தரம்பிரிக்க இனியும் உரிமையுடையதா என்று தன்னையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.