யாரும் விசாரிக்காத துப்பாக்கிச்சூடு

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கும் கொரிய மேலாளர் ஒருவர் ஒரகடம் சாலையில் காரை மோதி ஓர் உயிரைப் பறித்துவிட்டால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். வழக்கு ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்துக்குப் போகும். அவர் எந்த நாட்டுக்காரர் என்பது அங்கே எடுபடாது. அதே சாலையில் அதே விபத்து ஒரு வெளிநாட்டுத் தூதரால் நேர்ந்தால், 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அவரைக் கைதிலிருந்தும் வழக்கிலிருந்தும் காக்கும். செத்தவர் வீட்டுக்கு இந்த வேறுபாடு புரியாது. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. அந்தத் தூதரை நாம் அறிந்து, ஏற்று, உள்ளே அனுமதித்திருக்கிறோம். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பலாம். சிக்கல் மூன்றாவது வகை ஆளிடம்தான் வருகிறது. நம் அனுமதி கேட்காமல், தன் அரசின் வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்து, நம் ஆளைக் கொன்றவரிடம்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், ‘செயின்ட் ஆண்டனி’ என்ற விசைப்படகில் இருந்த இரண்டு மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்; படகின் உரிமையாளரும் அந்த மாவட்டத்தவரே. சுட்டது ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள். கடற்கொள்ளையர் படகு என்று நினைத்து எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்றது இத்தாலித் தரப்பு. மாஸிமிலியானோ லதோரே, சால்வதோரே ஜிரோனே ஆகிய இருவர் கைதானார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே 21 அன்று, தி ஹேக்கில் அமைந்த ஐவர் நடுவர் மன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: அவர்கள் அரசுப் பணியாளர்கள், செய்தது அரசுப் பணி, ஆகவே இந்தியா வழக்கு நடத்தக் கூடாது. படகின் கடற்பயணச் சுதந்திரத்தை மீறியதற்காக இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2021 ஜூன் 15 அன்று, 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்த பிறகு, நம் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

அந்த அரசுப் பணி எப்படிப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘என்ரிகா லெக்ஸி’ போர்க்கப்பல் அல்ல, ஒரு தனியார் வணிகக் கப்பல். 2011-இல் இத்தாலி இயற்றிய சட்டத்தின்படியும், அதன் பாதுகாப்பு அமைச்சகம் கப்பல் உரிமையாளர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படியும், வீரர்களுக்கான செலவைக் கப்பல்காரர்களே அரசுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வாடகைக்குக் கிடைத்த இறையாண்மை என்று இதைச் சொன்னால் கொஞ்சம் கடுமைதான், ஆனால் பொய்யில்லை. இதன் பக்கத்தில் தூத்துக்குடி வழக்கை வைத்துப் பார்க்கலாம். 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓகியோ’ என்ற கப்பலில் இருந்த 35 பேர் ஆயுதங்களோடு பிடிபட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரும் கடற்கொள்ளைத் தடுப்புக் காவலர்கள்தான், ஆனால் தனியார் நிறுவனத்தவர்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை. 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுவித்தபோதுதான் மீண்டார்கள். ஒரே தொழில், ஒரே கடல். சுடாதவர்கள் சிறையில் கிடந்தார்கள். சுட்டவர்களின் வழக்கு சாட்சிக் கூண்டு வரைகூட வரவில்லை.

விலக்குரிமைக்கு, அதாவது பிற நாட்டு அதிகாரியை நம் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்புக்கு, எதிராகப் பேசுவது எளிது. அது ஏன் இருக்கிறது என்று கேட்பதே நேர்மை. ஓர் அரசின் செயலை மற்றொரு அரசின் குற்றவியல் நடுவர் தீர்ப்பிடத் தொடங்கினால், பகை நாட்டு நீதிமன்றங்கள் அரசியல் ஆயுதங்களாகிவிடும். நம் அமைதிப்படை வீரர்களும் அதிகாரிகளும் உலகெங்கும் வேலை செய்கிறார்கள். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே வீட்டுப் பணியாளரின் விசா, ஊதியம் தொடர்பான வழக்கில் கைதானபோது டெல்லி கொதித்தது; அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த தடுப்புகளை அகற்றியது; முழு விலக்குரிமை கிடைப்பதற்காக அவரை ஐ.நா. பணிக்கு மாற்றியது. இத்தாலிய வீரர்களுக்கு விலக்குரிமை இல்லை என்று இந்தியா வாதாடிக்கொண்டிருந்த அதே நாட்கள் அவை. ஆக, இந்த உரிமை எல்லா நாடுகளுக்கும் வேண்டியிருக்கிறது. அதை அடியோடு ஒழி என்பதல்ல இங்கே வைக்கப்படும் வாதம். விலக்குரிமை ஒரு வழக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றலாம். அந்த வழக்கையே இல்லாமல் ஆக்க அதற்கு அதிகாரம் கிடையாது. ‘இவர் என் ஆள், செய்தது என் வேலை’ என்று ஓர் அரசு உரிமை கொண்டாடினால், அந்த வேலையில் விழுந்த பிணத்துக்குப் பதில் சொல்லும் கடமையும் அந்த வாக்கியத்திலேயே ஏற்கப்பட்டதாகிறது.

அந்தக் கடமையைச் சொந்த நாட்டின் நல்லெண்ணத்திடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1985-இல் ஆக்லாந்து துறைமுகத்தில் நடந்தது சான்று. கிரீன்பீஸ் கப்பல் ‘ரெயின்போ வாரியர்’ பிரெஞ்சு உளவுத்துறையால் தகர்க்கப்பட்டது. ஒரு புகைப்படக்காரர் இறந்தார். நியூசிலாந்து நீதிமன்றம் இரண்டு உளவாளிகளுக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. அரசு சொல்லித்தான் செய்தார்கள் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. பிறகு ஐ.நா. பொதுச் செயலாளரின் முடிவுப்படி, ஹாவோ தீவில் மூன்றாண்டு வைத்திருப்பதாக ஏற்றுப் பிரான்ஸ் அவர்களைப் பெற்றுக்கொண்டது. காலம் முடியும் முன்பே இருவரையும் நாட்டுக்கு அழைத்துக்கொண்டது. நம்பிக்கை மட்டும் போதாது, நிபந்தனை வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் அரசு அதிகாரிகளின் விலக்குரிமை பற்றி 2022-இல் முதல் வாசிப்பில் ஏற்ற வரைவில் இதற்கு ஒரு வழி தென்படுகிறது: வழக்கை அதிகாரியின் நாட்டுக்கு மாற்றித் தரலாம், அந்த நாடு உடனடியாகவும் நேர்மையாகவும் நடவடிக்கை எடுக்காவிட்டால் முதல் நாடு தன் வழக்கைத் தொடரலாம். அதே வரைவு இனப்படுகொலை, சித்திரவதை, கட்டாயமாகக் காணாமல் ஆக்குதல் போன்றவற்றுக்கு இந்த வகை விலக்குரிமை செல்லாது என்கிறது. நல்லதுதான். ஆனால் நடுக்கடலில் இரண்டு மீனவர் இறப்பது அந்தப் பட்டியலில் ஏறாது. பாக் நீரிணையில் 2017 மார்ச்சில் சுடப்பட்டு இறந்த தங்கச்சிமடத்து இளைஞரின் சாவும் ஏறாது. சுட்டது தாங்கள் அல்ல என்று இலங்கைக் கடற்படை மறுத்துவிட்டது, அத்தோடு சரி.

இழப்பீடு கொடுத்தாயிற்றே, குடும்பங்களும் ஏற்றுக்கொண்டனவே என்பது வலுவான மறுப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அந்த ஆண்டுகளில் சிலவற்றை வீணாக்கியது நம் தரப்பே: கேரளமா மத்திய அரசா என்ற வழக்கு, மரண தண்டனைக்கு இடமுள்ள கடல் பயங்கரவாதச் சட்டத்தை இழுத்துப் பிறகு கைவிட்டது என்று நாட்கள் போயின. ஆனால் பணம் இழப்பை ஈடு செய்யும்; சுட்டது தவறா, அச்சத்தில் நிகழ்ந்ததா என்ற கேள்விக்கு அது விடையாகாது. அந்த விடை வீரர்களுக்கும் தேவைதான், ஏனெனில் உண்மையாகவே கொள்ளையர் என்று நம்பிச் சுட்டிருந்தால் அதை நிரூபிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. குற்றவியல் விசாரணையைத் தொடர்வோம் என்ற இத்தாலியின் உறுதிமொழியை நடுவர் மன்றம் குறித்துக்கொண்டது. அது நிறைவேறாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. இந்தியா வழக்கைக் கைவிட்ட ஏழரை மாதத்தில், 2022 ஜனவரி 31 அன்று, விசாரணைக்குச் சான்று போதாது என்று ரோம் நீதிபதி கோப்பை மூடினார். வரைவில் உள்ள அந்த நிபந்தனை தி ஹேக் தீர்ப்பில் இருந்திருந்தால், கோப்பு இந்தியாவுக்குத் திரும்ப வழி இருந்திருக்கும்.