கூரையைத் திறந்தவர்கள்

கால்களால் செய்ய வேண்டியதைக் கைகளால் செய்ய ஒருவருக்கு வழி அமைத்துக் கொடுக்கிறோம். அது நாம் காட்டும் தயவா, அல்லது அவருக்குச் செலுத்த வேண்டிய நீதியா? தயவை நாம் விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாம். நீதியை அவ்வாறு நிறுத்த இயலாது. எனவே இவ்வினா நம் ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. கார்ப் பந்தயக் களத்திலிருந்து இதற்கு ஓர் ஒளி கிடைக்கிறது.

இத்தாலியப் பந்தய வீரர் அலெக்ஸ் சனார்டி, 2001 செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் லவுசிட்ஸ் களத்தில் நேர்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தார். 2003இல் அதே களத்திற்குத் திரும்பினார். அன்று எஞ்சிய 13 சுற்றுகளையும், கைகளால் இயக்குமாறு மாற்றப்பட்ட காரில் ஓட்டி முடித்தார். 2019இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் செயற்கைக் கால்களையும் அணியாமல் ஓட்டினார். ஸ்டீயரிங்கில் இருந்த வளையத்தை அழுத்தினால் வேகம் கூடும். பக்கத்திலிருந்த நெம்புகோலை வலக்கையால் தள்ளினால் பிரேக் பிடிக்கும். அதே காரை வேறு மூவரும் முறைவைத்து ஓட்டினர். அவர்கள் வழக்கம்போல் கால்மிதிகளையே பயன்படுத்தினர். ஒருவருக்காகச் செய்த மாற்றத்தால் மற்றவர் எதையும் இழக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையைக் கவனிப்போம். சனார்டிக்காகப் பந்தயத்தின் தொலைவு குறைக்கப்படவில்லை; கடிகாரம் அவருக்காக மெதுவாக ஓடவுமில்லை. 2016இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில், கைகளையும் கால்களையும் நோயால் இழந்திருந்த பிரடெரிக் சோசே தம் துணைவர் இருவருடன் 24 மணி நேரமும் போட்டியிட்டு 38ஆம் இடம் பெற்றார். அவருக்கும் பந்தயத்தின் கடுமை குறையவில்லை. தடை அகற்றப்பட்டது, கடமை அப்படியே நின்றது. தயவுக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தயவு ஒருவரிடமிருந்து குறைவாக எதிர்பார்க்கிறது. நீதியோ அவரால் இயன்றது முழுவதையும் வெளிக்கொணர இடமளிக்கிறது. காலால் மிதித்தே கார் ஓட வேண்டும் என்பது இயற்கையின் விதியா? மனிதன் வகுத்த ஏற்பாடுதானே! மனிதன் வகுத்ததை மனிதன் மாற்றலாம்.

இறைவன் காத்தருளிய உயிரை மீண்டும் ஆபத்துக்கு உள்ளாக்குவது முறையா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான், உயிர் இறைவனின் கொடை. ஆனால் அதனைக் கால்கள் உள்ள வீரரிடமும் கேட்க வேண்டும். ஊனமுற்றவரிடம் மட்டும் கேட்டால், அது அக்கறையின் போர்வையில் வரும் விலக்கு ஆகிவிடும். பந்தயம் செல்வர்களின் பொழுதுபோக்கு அன்றோ எனவும் கேட்கலாம். சுவிட்சர்லாந்தின் கிளே ரெகஸோனி 1980இல் அமெரிக்காவின் லாங் பீச் பந்தயத்தில் விபத்துற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர் அவர், தம்மைப் போன்ற எளியோரும் கைகளால் கார் ஓட்டப் பயிற்சி பெறப் பாடுபட்டார். களத்தில் பெற்ற துணிவு சாலைக்கும் வந்தது.

1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், முழுத் திறன் உடையோரை மட்டும் ஏற்றுக்கொள்ளும் சமூகம் மனித மாண்புக்குத் தகாதது எனக் கற்பித்தார். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரமும் இதையே காட்சியாக்குகிறது. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் இயேசுவிடம் சுமந்து வருகின்றனர். கூட்டம் வழிவிடவில்லை. அவர் நலமடைந்து நடந்து வரட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை, கூரையைத் திறந்தனர். நோயாளி எழுந்து நடக்கும் முன்பே வீடு மாறிவிட்டது. அச்செயலில் ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார்.

நம் ஆலயங்களை எண்ணிப் பார்ப்போம். வாயிற்படிகளில் ஏற முடியாதவரை நால்வர் தூக்கி வருகிறோம்; அது அன்பே. ஆனால் திருப்பலியில் இறைவார்த்தையை வாசிக்க அவருக்கு ஆவல் இருக்கலாம். வாசக மேடைக்கும் படிகள் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் பிறர் தோள்களை எதிர்பார்த்திருக்க நேர்ந்தால் அவர் விருந்தினராகவே இருப்பார். ஒரு சாய்தளம் அமைந்தால் அவர் அவ்வீட்டின் பிள்ளை ஆவார். அதற்குச் சில மூட்டை சிமெண்டும், அவரிடமே சென்று "உங்களுக்கு என்ன வேண்டும்?" எனக் கேட்கும் மனமும் போதும்.