வாத்ஸல்யத்துக்குச் சம்மானமா?

அமெரிக்காவில், சிகாகோ நகரத்துக்குத் தெற்கே, வசதி குறைந்த குடும்பங்கள் மிகுந்த சிகாகோ ஹைட்ஸ் என்ற ஊரில், ரோலண்ட் ஃப்ரையர், ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்னும் மூன்று பொருளாதாரப் பேராசிரியர்கள், பள்ளிக்கூடம் புகாத குழந்தைகளின் பெற்றோருக்கென்றே ஒரு பாடசாலை நடத்தினார்கள். வகுப்புக்கு வந்தால் ஒரு தொகை. வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சியைச் செய்து முடித்தால் ஒரு தொகை. குழந்தை அதைக் கற்றுக்கொண்டதாகப் பரீட்சையில் தெரிந்தால் மற்றொரு தொகை. இப்படி ஆண்டொன்றுக்கு 7,000 டாலர் வரை பெற்றோருக்குச் சம்மானம் கிடைக்க ஏற்பாடு செய்து, அதன் பலனை 2015-ல் வெளியிட்டார்கள்.

பெற்ற குழந்தையோடு விளையாடத் தாய்க்குக் கூலியா என்று நம் மனம் உடனே கூசுகிறது. பலனில் பற்று வையாமல் கடமையைச் செய்வதே உத்தமம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாயன்பையே அதற்குக் கண்கண்ட திருஷ்டாந்தமாகச் சொல்லிவந்தவர்கள். ஆயினும் அந்தக் கூச்சத்தை நான் முழுவதும் நம்புவதில்லை. காலையில் ஓர் இடத்திலும் மாலையில் வேறோர் இடத்திலும் வேலை செய்து, களைத்து வீடு திரும்பும் ஒருத்திக்கு அன்பில் என்ன குறை? குறைவது அவகாசம் அல்லவா? அவளுடைய பொழுதை உலகம் முன்னமே விலைக்கு வாங்கிவிட்டது; அதில் ஒரு நாழிகையை மீட்டுக் குழந்தையிடம் சேர்ப்பதற்குக் கொடுக்கும் பொருளை வாத்ஸல்யத்தின் விலை என்று சொல்வது நியாயமாகாது. செல்வர் வீட்டுத் தாய்க்கு அந்த அவகாசம் தானாகவே வாய்த்திருக்கிறது. அதை யாரும் சம்மானம் என்று சொல்வதில்லை.

நம் சாஸ்திரகாரர்களும் இவ்விஷயத்தில் அத்தனை கடுமை பாராட்டவில்லை. கசப்பு மருந்தை உண்ண மறுக்கும் குழந்தையின் நாவில் முதலில் வெல்லத்தைத் தடவுவதுபோல, பலனைக் காட்டி மனிதனை நற்கருமத்தில் புகுத்துவதைக் குடஜிஹ்விகா நியாயம் என்றார்கள். ஆசையினால் தொடங்கிய காரியம் பழக்கத்தினால் பக்குவப்பட்டு, ஆசை உதிர்ந்த பின்னும் நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பணத்துக்காகக் கதை சொல்ல உட்கார்ந்த தகப்பன், குழந்தை கண்ணை அகல விரித்துக் கேட்பதைக் கண்டபின், பணத்தையே மறந்துபோகவும் கூடும்.

ஆனால் வெல்லம் எப்போதும் அப்படிக் கரைந்துவிடுவதில்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாய் வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்ததை யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் 2000-ல் எழுதினார்கள். தாமதம் குறைவதற்கு மாறாக அதிகரித்தது. அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காத்திருக்கும் ஆசிரியையிடம் கொண்டிருந்த தாட்சண்யம், காசு கொடுத்து வாங்கும் சௌகரியமாகிவிட்டது போலும்! அங்கே வாங்கியது பணம், இங்கே கொடுப்பது பணம்; என்றாலும் மனத்தில் நடக்கும் மாறுதல் ஒரே ஜாதியைச் சேர்ந்ததுதான்.

சிகாகோ ஹைட்ஸில் கண்ட பலனும் ஒரே சீராக இல்லை. வெள்ளையர், ஹிஸ்பானியர் குழந்தைகள் அறிவிலும் நடத்தைப் பண்புகளிலும் நன்றாக முன்னேற, கறுப்பினக் குழந்தைகளிடம் எந்த மாறுதலும் காணப்படவில்லை. அவர்களுடைய பெற்றோர் ஈடுபட்ட அளவிலோ, தாயின் படிப்பிலோ, குடும்பத்தின் அளவிலோ இந்த வேற்றுமைக்குக் காரணம் அகப்படவில்லை. சம்மானம் பெற்றோரை வரவழைத்தது. அதற்கு அப்பால் நடப்பது அதன் வசத்தில் இல்லை என்றே நான் கொள்கிறேன்.

ஆகையால், மூன்று சம்மானங்களையும் நான் ஒன்றாகப் பாவிக்கமாட்டேன். வகுப்புக்கு வருவதும், குழந்தையோடு உட்காருவதும் பெற்றோரின் உழைப்பு. உழைப்புக்கு உதவுவது தருமமே. பரீட்சையில் குழந்தை சொல்லும் விடையோ குழந்தையினுடையது. அதற்குத் தாயிடம் பணம் கொடுத்தால், விடை தெரியாமல் விழிக்கும் நான்கு வயதுக் குழந்தையின் முகத்தில் அவள் நஷ்டத்தைக் காண நேரும். குழந்தையும் அதை அவள் முகத்தில் படித்துவிடும். இத்தகைய திட்டங்களை வகுப்பவர்கள் முதலிரண்டு சம்மானங்களையும் தாராளமாகக் கொடுக்கட்டும், மூன்றாவதை விட்டுவிடவேண்டும்.