கால் படாத இடம்

வியாழக்கிழமைதோறும் பூஜையறையைச் சுத்தம் செய்யும்போது நம்மில் பலருக்கு ஒரு சங்கடம் வரும். எரிந்து மிஞ்சிய திரி, விளக்கின் அடியில் தங்கிய எண்ணெய், காய்ந்துபோன மாலை... இவற்றை என்ன செய்வது? குப்பைத் தொட்டியில் போட மனசு வராது. சுவாமிக்குச் சமர்ப்பித்ததாயிற்றே! 'கால் படாத இடத்தில் போடு' என்பார்கள் பெரியவர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது?

நான் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வைப்பேன். விருத்தாசலத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும்போது மணிமுத்தா நதியில் விட்டுவிடுவேன். 'விருத்தகாசி' என்றே போற்றப்படும் தலம். புண்ணியம்தானே என்று நினைப்பு.

ஓர் ஆடி மாதம் அப்படிப் போனபோது நதியில் தண்ணீர் இல்லை. மணலெங்கும் பிளாஸ்டிக் பைகள். கிழிந்த ஒரு பையிலிருந்து திரியும் சாமந்தியும் சிதறிக் கிடக்க, அதன் மேல் மிதித்துக்கொண்டு ஆடுகள் நடந்தன. என் கையில் இருந்ததும் அதே போன்ற பைதான்! பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் குலதெய்வத்துக்குப் பொங்கல். இரவு பெய்த மழையில் சுள்ளியெல்லாம் நனைந்துவிட்டது. மூன்று செங்கல் அடுப்பில் புகைதான் வந்தது. பக்கத்து அடுப்பில் யாரோ பிளாஸ்டிக் கவரைக் கொளுத்திப் போட்டார்கள். அந்த நச்சுப் புகை பொங்கப் பானையைச் சுற்றிக்கொண்டது. அம்மனுக்குப் படைக்கிற பொங்கல் அது!

என் மாமியார் தூக்குப் பையிலிருந்து நான்கு கொட்டாங்கச்சிகளை எடுத்தார். உள்ளே காய்ந்த தேங்காய் நார், எரிந்து மிஞ்சிய திரிகள். விளக்கில் தங்கிய எண்ணெயை அவற்றின் மேல் ஊற்றி ஊறவைத்திருந்தார். ஒன்றை விறகுக்கு அடியில் வைத்துப் பற்றவைத்தார். கொட்டாங்கச்சி நின்று எரிந்தது. ஈரச் சுள்ளியும் மெல்லப் பிடித்துக்கொண்டது.

"அத்தை, சாமி விளக்குத் திரியை அடுப்புல வைக்கலாமா?" என்றேன்.

"ஏம்மா, கால் படாத இடம்னா நெருப்பை விட வேற எது?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. சுவாமியிடமிருந்து களைந்தது நிர்மால்யம். அது எச்சில் அல்ல. அதற்கு மரியாதை செய்வது என்றால், நம் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிடுவதா? நான் இத்தனை நாள் செய்தது அதுதான். என் வீடு சுத்தமாயிற்று, நதி அழுக்காயிற்று. அதற்குப் புண்ணியம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்புமுன் பழமலைநாதரைத் தரிசித்தோம். தல விருட்சம் வன்னி. 'வன்னி' என்றாலே நெருப்பு என்று ஒரு பொருள் உண்டு. வன்னி மரத்தின் மேல் வளர்ந்த அரசமரத்துக் கட்டையை, யாகத் தீ கடையும் அரணியாகக் கொள்வது மரபு. இந்தக் கோயிலில் திருப்பணி செய்த விபசித்து முனிவர், வேலை செய்தவர்களுக்கு வன்னி இலைகளையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அவை பொன்னாயின என்கிறது தலபுராணம். உதிர்ந்து போகிற இலைதான். அதைப் பொன்னாக்கியது உழைப்பு!

கடைவீதியில் பீங்கான் அகல் வாங்கினோம். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண்தான் இந்த ஊர் பீங்கான் தொழிலுக்கே ஆதாரம். சூளை நெருப்பில் வெந்த பிறகுதான் அந்த மண் அகலாகிறது.

ஆனால், மிச்சம் பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய எண்ணெயை வடிகட்டி மறுபடி விளக்குக்கே ஊற்றினால் அது கஞ்சத்தனம். புதியது சுவாமிக்கு, மிச்சம் நமக்கு. இந்த வரிசை மாறக் கூடாது. அசைவம் சமைக்கும் அடுப்புக்கு அந்தத் திரியை நான் வைப்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு வழக்கம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

செய்ய விரும்புபவர்களுக்கு: நாரும் திரியும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஊதுபத்தி உறை, ஜரிகை, பிளாஸ்டிக் பூ எதையும் சேர்க்காதீர்கள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றவே கூடாது. காய்ந்த பூக்கள் செடித் தொட்டிக்கு உரமாகட்டும்.

இப்போது என் பூஜையறையில் பை இல்லை. ஒரு கொட்டாங்கச்சி இருக்கிறது. அது நிறைய ஒரு மாதம் ஆகிறது. சுவாமிக்கு வெளிச்சம் தந்த திரி, இன்னொரு முறை எரிந்து, அவருக்கே பொங்கல் வைத்துக் கொடுக்கிறது. ஒரு திரிக்கு இதைவிட என்ன பாக்கியம் வேண்டும்?