வந்தது கோபம், அடித்தது யார்?

மதிப்பெண் குறைந்ததற்காக மகனை அடித்துவிட்ட தந்தை ஒருவர், சற்று நேரம் கழித்து, 'ஏதோ உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்' என்று மனைவியிடம் கூறுகிறார். அன்றாடம் கேட்கும் வாக்கியம்தான். அதிலுள்ள வருத்தமும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அடித்தது யார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

'எனக்குக் கோபம் வந்தது' என்பது தமிழ் வழக்கு. இந்தியிலும் கோபம் 'வருகிறது' என்றே சொல்வர். வருவது வேறு, வந்ததை அறிபவன் வேறு. வேதாந்த நூல்கள் விரிவாக விளக்கும் இந்த உண்மையை வீட்டுப் பேச்சு வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறது. அதே வழக்கு சாக்காகவும் மாறுவதுதான் துயரம். 'அது வந்தது, அதுவே அடித்தது. நான் என்ன செய்வேன்?'

'உணர்ச்சி' என்ற சொல்லின் முன் இந்தச் சாக்கு நிற்பதில்லை. 'எமோஷன்' என்ற ஆங்கிலச் சொல், வெளியே நகர்த்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'உணர்' என்ற தமிழ் வேருக்கோ அறிதல் என்பதும் பொருள். எனவே உணர்ச்சியை ஒருவகை அறிவாகவும் கொள்ளலாம். அறிவு என்றால் அதில் சரியும் பிழையும் உண்டு.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். வெகுளிக்கு உரியவை: உறுப்பைச் சிதைத்தல், குடியினரைத் துன்புறுத்தல், அடித்து வருத்துதல், கொலை. செய்யுளுக்காக வகுத்த இலக்கணம்தான் இது. எனினும் நான்கும் கொடுமைகள் என்பது கவனிக்கத்தக்கது. மதிப்பெண் குறைந்த மகன் இவற்றுள் எதைச் செய்தான்? உண்மையில், இந்த வரிசையின்படி சினம் கொள்ளக் காரணம் உள்ளவன் அடிபட்ட அந்த மகனே!

கோபம் அழையாமல் வந்த விருந்தாளியும் அன்று. கீதையின் இரண்டாம் அத்தியாயம் அதன் பிறப்பைக் கூறும்போது, மனம் ஒரு பொருளை ஓயாமல் எண்ணுவதிலிருந்து தொடங்குகிறது. அதிலிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம். மகனின் மதிப்பெண்ணைப் பற்றி அந்தத் தந்தை பல மாதங்களாகக் கனவு கண்டிருக்கக் கூடும். வாசல் அப்போதே திறந்தாயிற்று.

அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துகொண்டபோதும் அவருக்குக் கோபம் வந்திருக்கும். அங்கே கை எழவில்லை. ஆகவே, வருவதற்கும் வசப்படுவதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆள் பார்த்து அதைப் பயன்படுத்துகிறார், அவ்வளவே.

'நான் அடித்துவிட்டேன்' என்று மட்டும் சொல்வது அவருக்கு எளிதாக இராது. உணர்ச்சியைப் பற்றிய அந்த முதல் வாக்கியத்தைக்கூட அவர் இன்னும் மகனிடம் சொல்லவில்லை.